முகம் அறிவார், பெயர் அறியார்

புதுவை நகரின் வடபால் முத்தியால்பேட்டையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கருவடிக்குப்பம் என்னும் ஊர் உளது. பாரதியார் புதுவையில் உறைந்த 1908 முதல் 1918 வரையுள்ள ஆண்டுகளில் உலவி மகிழ்ந்த குயில் தோப்பு அவ்வூரில் இருத்தலான், அதனைக் காண வருவார் பலர். அவ்வூர் இடுகாட்டிலே தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் தூ. தா. சங்கரதாசு சுவாமிகள் துயில்கின்றார்; அவரைக் காண வருவார் சிலரே. 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த சுவாமிகள், வாதநோயால் நலிவுற்று, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் இப்புதுவையில் உயிர் நீத்தார். ஆண்டுதோறும் அந்நாளில் நாடகக் கலைஞர்கள் கூடி அங்கே வணக்கம் செலுத்துகின்றனர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் அவர் பெயராலே தொடங்கப்பெற்றது.

சுவாமிகளை ஆசிரியர் என்றே யாவரும் அறிவர். அவர் நடிகராயும் இருந்தவர் என்பதை அறிந்தார் சிலர். அவர் புனைந்த வேடங்கள் யாவை? இராமன் அல்லன், நளனும் அல்லன். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகியோரே அவர்க்கு உரியராயினர். அவரது சனீசுவர வேடத்தைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி நடுங்கி உயிர் துறந்தாள் என்றும், அதுமுதல் அவர் வேடம் புனைதலையே விடுத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. செய்தி மெய்யாயினும் ஆகுக, மிகையாயினும் ஆகுக. நளனாக நடித்தவர் பெயரை அச்செய்தி கூறவில்லை. சனியாக நடித்தவரை மறக்கவுமில்லை. எமக்கு இதுவே வியப்பாயிற்று.

யாம் இவ்வியப்பை எய்துதற்கு முன் ஒரு நாணத்தை எய்தினோம். அதனையும் ஈண்டு மறையாது கூறுதல் நலம். சென்ற ஆண்டு எம் தமிழ் மன்றத்தார் ஒரு நாடகம் நடத்தப் புகுந்தபொழுது, அரசன் வேடம் எமக்கே வாய்க்கும் என்று யாம் எண்ணியிருந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் என்னும் செருக்கு அவ்வெண்ணத்திற்குத் துணையாயிற்று. வாய்த்ததோ வாயிற்காவலன் வேடம். பேச்சு மூன்றே வரி. முகம் வாடியே ஒத்திகைக்குச் சென்றோம். நாடக இரவில் அரசனாக நடித்த நண்பர் "காவலா!" என்று விளித்தார். யாம் திரைமறைவில் வேறெதனையோ எண்ணி நின்றோம். அவர் மீண்டும் விளித்தார். அரங்கம் சிரித்தது. மூன்றாம் முறை யாம் ஓடிச் சென்று நின்றபொழுது எம் மூன்று வரிகளில் ஒன்று நினைவிலில்லை. அரசனுடைய துயரக் காட்சி நகைச்சுவைக் காட்சியாய் முடிந்தது. நண்பர் எம்மை ஒன்றும் கடிந்திலர், அதுவே பெருந்துன்பமாயிற்று. மூன்று வரிக்குரியவன் தவறின் முந்நூறு வரிக்குரியவனும் வீழ்வான் என்பதை அன்றிரவு யாம் அறிந்துகொண்டோம்.

அதன்பின்னரே, நாடகத்திலும் திரைப்படத்திலும் தலைவனுக்கு அருகே நிற்போரை உற்றுநோக்கத் தொடங்கினோம். அவ்வாறு நோக்கியதில் எம் நெஞ்சில் தங்கியவர் காலஞ்சென்ற நடிகர் டெல்லி கணேஷ். அவரது கலை வாழ்வைக் கூறுமுன், அத்தொழிலின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

பழைய நாடகக் கம்பெனிகளில் நடிகரை வேடத்தின் பெயராலே அழைத்தனர்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்றிங்ஙனம். பேசும்படம் வந்தபின் இவ்வழக்கு மறைந்து, கதாநாயகன், கதாநாயகி, வில்லன், சிரிப்பு நடிகர் என்னும் பெயர்கள் நிலைத்தன. இந்நால்வகையுள் அடங்காத பிறர் உளர்: தலைவியின் தந்தை, அலுவலக மேலாளர், வீட்டுச் சமையற்காரர், கடன் கொடுத்தவர், கடன் பட்டவர். இவர்களாக நடிப்பாரைத் திரையுலகில் குணச்சித்திர நடிகர் என்பர். துணை நடிகர் என்னும் சொல்லை இவர்க்கு வழங்குதல் பிழை. அத்தொழிலில் அச்சொல் கூட்டத்துள் நின்று செல்லும் நாட்கூலி நடிகரையே குறிக்கும். குணச்சித்திர நடிகர்க்குப் பெயருள்ள பாத்திரமும் பேச்சும் உண்டு. ஆயினும் சுவரொட்டியில் முகம் பெரும்பாலும் இராது. தலைவர் ஓராண்டில் ஒன்றிரண்டு படம் நடிப்பார். இவரோ பல படங்களுக்குக் கால்ஷீட்டைப் பகுத்தளித்து, காலையில் ஒரு படத்திற்குத் தந்தையாகவும் மாலையில் மற்றொன்றிற்கு மாமனாகவும் சென்று வருவார்.

எம் பாடநூல்களைப் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. அகப்பாட்டிலே தலைவனும் தலைவியும் தனித்து நின்று காதலை நடத்துதல் அரிது. தோழி வேண்டும், செவிலி வேண்டும், பாங்கன் வேண்டும். வாயில்கள் எனத் தொல்காப்பியர் பன்னிருவரைக் கூறுகின்றார். சங்க அகப்பாக்களுள் தோழி பேசுவன மிகப் பல. அவள் பெயர் யாது? எவரும் அறியார். அகத்தில் எவர்க்கும் பெயர் சுட்டலாகாது என்பது விதியாதலின் தலைவிக்கும் பெயரில்லை. ஆகவே தோழி அங்குக் குறைபட்டிலள். திரையுலகிலோ தலைவர்க்குப் பெயர் உண்டு. தோழிக்கு மட்டுமே இல்லை.

இவ்வகையில் எமக்கு முந்திய தலைமுறையார் பெரிதும் போற்றிய ஒருவர் டி. எஸ். பாலையா. 1936-இல் வெளிவந்த "சதி லீலாவதி"யில் திரைக்கு வந்த அவர், "திருவிளையாடல்" (1965) படத்தில் செருக்குற்ற ஏமநாத பாகவதராகவும், "தில்லானா மோகனாம்பாள்" (1968) படத்தில் தவில் வித்துவானாகவும் நடித்தார். இவர் போன்றோர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அக்கம்பெனிகள் மறைந்தபின் இத்தகைய நடிகர் எங்கிருந்து வருவர் என்னும் வினா எழுந்தது. அலுவலகங்களிலிருந்து வந்தனர் என்பதே விடை. பகலில் அரசுப்பணி, மாலையில் சபா நாடகம் என வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்தார் அவர்கள். பூர்ணம் விசுவநாதன் தில்லி வானொலியில் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் வானூர்திப் படையில் இருந்தவர்.

அவர் 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் வல்லநாட்டிற் பிறந்தார். அது சுவாமிகள் பிறந்த தூத்துக்குடிச் சீமையே. பொருநையாற்றுத் தமிழே அவர்க்குத் தாய்மொழி. இயற்பெயர் கணேசன். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையிற் பணியாற்றினார். தலைநகரில் வாழ்ந்தபொழுது, அங்குள்ள தமிழர் நடத்திய தட்சிண பாரத நாடக சபையிற் சேர்ந்து நடித்தார். தொலைவில் வாழும் தமிழர் தம்மொழியைக் காதாற் கேட்டு மகிழ்வதற்கு நாடகமே அந்நாளில் வாயிலாயிற்று. புதுவை நாடகப் பள்ளியைத் தொடங்கிவைத்த இந்திரா பார்த்தசாரதி அவர்களும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவரே. தமிழ் நாடகத்திற்குத் தில்லி செய்த உதவி சிறிதன்று. இதனைத் தனியே எவரேனும் ஆராய்தல் நன்று.

பணியை விட்டுச் சென்னைக்கு வந்த கணேசனை இயக்குநர் கே. பாலசந்தர் "பட்டினப் பிரவேசம்" (1977) என்னும் படத்தில் அறிமுகஞ் செய்தார். அது விசு எழுதிய மேடை நாடகத்திலிருந்து எழுந்த படம்; சிற்றூர்க் குடும்பமொன்று பட்டணம் புகுந்து சிதைவுறும் கதை. "டெல்லி கணேஷ்" என்னும் பெயரும் பாலசந்தர் இட்டதே. தமிழ்த்திரையில் கணேசர்க்குக் குறைவில்லை. ஒருவர் தாம் நடித்த வேடத்தால் சிவாஜி ஆனார். ஒருவர் தாம் வேலை பார்த்த ஸ்டூடியோவால் ஜெமினி ஆனார். இவர் தாம் விட்டுவந்த ஊரால் டெல்லி ஆனார்.

இரண்டாண்டுகளில், துரை இயக்கிய "பசி" (1979) வெளிவந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கி வாழும் பெண்ணாக நடித்த ஷோபா, அதற்கு இந்திய அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். அப்பெண்ணின் தந்தையாகிய ரிக்‌ஷாக்காரராக வந்தவர் டெல்லி கணேஷ். அவர்க்குத் தமிழ்நாட்டரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. சில்லாண்டுகளுக்கு முன்வரை படைச்சீருடை அணிந்திருந்த ஒருவர் சென்னைச் சேரித்தமிழ் பேசி நிற்பதைக் காணுந்தோறும் எமக்கு வியப்பே. எம் பாட்டியாரின் தமையனார் புதுவைத் தெருக்களில் ரிக்‌ஷா மிதித்துப் பிழைத்தவர். அப்படத்தைத் தொலைக்காட்சியிற் கண்டபொழுது பாட்டியார், "எங்க அண்ணன் இப்படித்தான்டா, சவாரி இல்லாத நாள்ல இப்படியே மூஞ்சிய வச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு" என்றார். அதைவிட மேலான விமரிசனம் எழுதும் ஆற்றல் எமக்கில்லை.

"எங்கம்மா மகாராணி" (1981) என்னும் படத்தில் அவர் தலைவனாகவே நடித்தார். அதனால் அவர் பாதை மாறிற்றில்லை. தலைவராகும் வாய்ப்பு வந்து, போய், அதன்பின்னும் நாற்பதாண்டுக்கு மேல் பிறர்க்கருகே நின்று நடித்தவர் அவர். எல்லாருமாகக் கூட்டினால் அவர் படங்கள் நானூற்றுக்கு மேற்படும். பிறமொழி நடிகர் சிலர்க்குத் தம் குரலையும் ஈந்தார். அவ்விடத்து முகமும் மறைந்து குரல் மட்டும் எஞ்சிற்று.

யாம் விரித்துக் கூற விரும்புவது "சிந்து பைரவி" (1985). பாலசந்தரின் அப்படத்தில் சிவகுமார் ஜே. கே. பி. என்னும் பாடகர்; டெல்லி கணேஷ் அவர்க்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தி. குடிப்பழக்கம் உடையவர். கச்சேரி நாளன்று குடித்துவிட்டு வருகின்றார். பாடகர் அதனை உணர்ந்து வெகுண்டு, அவரை விலக்கிவிட்டு, மிருதங்கம் இன்றியே பாடி முடிக்கின்றார். பாடகரின் செருக்கையும் ஆற்றலையும் காட்டவே அக்காட்சி அமைந்தது. ஆயினும் காண்பவர் நெஞ்சம் மேடையில் மட்டும் நிற்பதில்லை. விலக்கப்பட்டவர் முகத்தை நாடிச் செல்கின்றது. குற்றம் தம்முடையதே என்றறிந்தவர் முகம் அது. சினமும் இல்லை, அழுகையும் பெரிதாக இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் இளிவரல் என்பதை எம் ஆசிரியர் விளக்கியபொழுது யாம் சொல்லளவில் அறிந்தோம். அம்முகத்தில் பொருளளவில் அறிந்தோம். பின்னர் அப்பாடகரே குடியில் வீழ்கின்றார். முன்னர்க் குருமூர்த்தி அடைந்த இழிவு நம் மனத்தில் பதிந்திராவிடில், பின்னர் நேர்வது வெறும் கதை நிகழ்ச்சியாய்க் கழிந்திருக்கும். தலைவனது வீழ்ச்சிக்கு அளவுகோலை முன்கூட்டியே நட்டுவைத்தவர் பக்கவாத்தியக்காரர்.

பக்கவாத்தியம் என்னும் சொல்லை இந்நடிகர்க்குப் பொருத்திக் காட்ட யாம் முயலவேண்டுவதில்லை. திரையுலகமே அவ்வேடத்தைக் கொடுத்துவிட்டது. பாலையா தவிலுடனும் கணேஷ் மிருதங்கத்துடனும் நினைவுக்கு வருவது தற்செயலாயினும் ஆகுக. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் வாயைப் பார்த்தபடி இருப்பார். நல்ல குணச்சித்திர நடிகரும் எதிர்நடிகரின் சொல்லைக் கேட்டபடி இருப்பார். காட்சியில் பேசுவோன் ஒருவன். அச்சொல் மெய்யென்று நம்மை நம்பச் செய்பவன் கேட்போன். கேட்போன் கண்ணில் சொல் சென்று தைக்காவிடில் எத்துணை உரத்துப் பேசினும் பயனில்லை. யாம் திரைமறைவில் நின்று கெடுத்தது இக்கேட்டலையே.

கமல்ஹாசனுடன் அவர் நடித்த படங்கள் தனியே ஒரு தொகுதி. "நாயகன்" (1987) படத்தில், பம்பாயில் வாழ்ந்தும் இந்தி பேசாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்து உதவும் ஐயராக வருகின்றார். "அபூர்வ சகோதரர்கள்" (1989) படத்தில் கொலைபுரியும் நால்வருள் ஒருவர். அடுத்த ஆண்டே "மைக்கேல் மதன காமராஜன்" படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயர். கிரேசி மோகன் எழுதிய உரையாடலில் பாலக்காட்டு வழக்கைப் பொருநைக்கரையார் ஒருவர் பேசிய அழகு தமிழ் மாணவர் செவிக்கு விருந்து. சென்னைச் சேரித்தமிழ் ஒருபால், பாலக்காட்டுத் தமிழ் ஒருபால். இரண்டும் அவர்க்குத் தாய்வழக்கல்ல. வட்டார வழக்கை நூலகத்தில் தேடும் எம்போன்றார், இத்தகைய நடிகரின் நாவிலும் சிறிது தேடலாம்.

கமல்ஹாசன் பெண்வேடமிட்ட "அவ்வை சண்முகி" (1996) என்னும் படத்தில் சேதுராமையராக அவர் வந்தார். அப்படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? ஔவையாராக நடித்துப் புகழெய்திய "அவ்வை" டி. கே. சண்முகத்தை நினைவுகூர இட்ட பெயர் அது. கமல்ஹாசன் இளமையில் டி. கே. எஸ். குழுவிற் பயின்றவர். சண்முகமோ 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், சங்கரதாசு சுவாமிகளிடம் பயின்றவர். ஆகவே, அந்நகைச்சுவைப் படத்தின் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தால், நாம் வந்துசேரும் இடம் கருவடிக்குப்பத்து இடுகாடே.

இனித் தொலைக்காட்சி. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் 1993-இல் சன் தொலைக்காட்சியும் தோன்றின. நாள்தோறும் வரும் தொடர்கதைகள் பெருகியபின், வயது முதிர்ந்த குணச்சித்திர நடிகர்க்கு அவை பெரும் புகலிடமாயின. டெல்லி கணேஷ் "கஸ்தூரி", "செல்லமே" முதலிய தொடர்களில் நடித்தார். உண்மை கூறின், இப்பகுதி எமக்கு முழு உவப்பளிக்கவில்லை. ஒரு பார்வையில் முடியவேண்டிய துயரம் அங்கே ஐந்து நாள் நீட்டப்படுகின்றது. ஒவ்வொருவர் முகத்தையும் அணுக்கத்தில் மும்முறை காட்டி இடியோசை எழுப்புகின்றனர். அடக்கமே ஆற்றலாகிய நடிகர்க்கு இது தகுந்த களமன்று என்பது எம் கருத்து. பாட்டியார் இதற்கு உடன்படார். "சினிமாவுல எப்பவாவது வருவாரு, இதுல தினம் வீட்டுக்கு வர்றாரில்ல?" என்பது அவர் வாதம். அதற்கு யாம் மறுமொழி கூறவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. ஐயர் வேடம் ஒருமுறை நன்கமைந்தால், பின்வருவோர் எல்லாரும் அதனையே கொணர்ந்து நீட்டுவர். சமையற்காரர், கணக்கர், அடங்கிய தந்தை என அவர்க்குக் கிடைத்தவற்றுட் பல ஒரே அச்சில் வார்த்தவை. "பசி"யில் ரிக்‌ஷா மிதித்த கால்களைத் திரையுலகம் மறந்துவிட்டது போலும். இதில் நடிகரைக் குறைகூற இயலாது. வேடத்தைத் தேர்வது தலைவர்க்குக் கிட்டும் உரிமை. குணச்சித்திர நடிகர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றார். கிடைத்த அச்சுக்குள் ஓர் அணுவளவு வேறுபாட்டை நுழைத்தலே அவர் செய்யக்கூடியது. சேதுராமையரையும் மணி ஐயரையும் அடுத்தடுத்துக் கண்டால் அவ்வணு புலப்படும். ஒருவர் நடையில் ஆசை முந்துகின்றது. மற்றவர் நடையில் அச்சம் முந்துகின்றது.

1994-இல் தமிழ்நாட்டரசு அவர்க்குக் கலைமாமணி விருது அளித்தது. 2024-இல் வெளிவந்த "இந்தியன் 2" வரை அவர் நடித்துக்கொண்டே இருந்தார். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் இரவு சென்னையில், 80-ஆம் வயதில் காலமானார். விமானப்படையினர் இல்லம் சென்று, தம் பழந்தோழர்க்கு மரியாதை செலுத்தினர். ஐம்பதாண்டுக்கு முன் விட்டுவந்த படை அவரை மறந்திலது.

அச்செய்தி வந்த காலையில் யாம் பாட்டியார் இல்லத்தில் இருந்தோம். கல்லூரியிற் சேர்ந்து ஆறு திங்களும் நிறையாத காலம். யாம் "டெல்லி கணேஷ் இறந்துபோனார்" என்றபொழுது பாட்டியார்க்கு அப்பெயர் விளங்கவில்லை. தொலைக்காட்சியில் முகத்தைக் காட்டியவுடன், "ஐயோ, இவரா!" என்று அமர்ந்துவிட்டார். சிறிது நேரங் கழித்து, "இவருக்கு டெல்லின்னா பேரு? நம்ம ஊருக்காரர் மாதிரியில்ல இருப்பாரு" என்றார்.

சில நாட் கழித்து வந்தது நவம்பர் 13. அதன் பொருளை அன்று யாம் அறிந்திலோம். அறிந்தபின் மிதிவண்டியேறி ஒரு மாலை கருவடிக்குப்பம் சென்று, சுவாமிகள் நினைவிடத்தின் முன் சிறிது நேரம் நின்றுவந்தோம். குயில் தோப்பிற்கு வழி கேட்ட இருவர்க்கு வழி காட்டினோம்.

இவ்வாண்டு நாடகத்திலும் எமக்கு வாய்த்திருப்பது தூதன் வேடமே. பேச்சு நான்கு வரி. சென்ற ஆண்டினும் ஒன்று கூடுதல். அரசனாக நடிப்பவர் பழைய நண்பரே. ஒத்திகை வருகின்ற வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும். அவர் பேசவேண்டிய வரிகளையும் யாம் மனப்பாடஞ் செய்து வருகின்றோம்.